பச்சை சாத்திய மலை

இந்தக் கதையை எனக்கு முதன்முதல் சொன்னவ என் சம்பந்தி சிவயோகம். என் இளையவளுக்கும் அவவின் மகனுக்கும் கலியாணம் வைத்த வருசம், பலகாரச் சூட்டன்று, பயற்றம் உருண்டையை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டுக்கொண்டே சொன்னா. முப்பது வருசம் பலேர்மோவில் இருந்தவ. ஒரு மலை இடம் மாறி வந்ததை, பக்கத்துத் தெருக்காரர் வீடு மாறி வந்ததைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னா. "மலை எப்பிடியக்கா நடக்கும்?" என்று கேட்டேன். "நடந்ததை ஆர் பாத்தது? விடிய எழும்பிப் பாக்க நிண்டது" என்றா. அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவ சொன்னபடியே சொல்கிறேன்.

பலேர்மோ இத்தாலியின் காலடியில் கிடக்கிற சிசிலித் தீவின் துறைமுகப் பட்டினம். பினீசியர் பாய்க்கப்பலில் வந்து அதைத் தொடக்கினார்கள், கிரேக்கர் அதற்கு எல்லாமே துறைமுகம் என்று பொருள் வரப் பெயர் வைத்தார்கள், ரோமர் வந்தார்கள், அராபியர் வந்து தோடையும் எலுமிச்சையும் கரும்பும் நட்டார்கள், வடக்கேயிருந்து நோர்மன் ராசாக்கள் வந்து அராபியத் தச்சரையும் கிரேக்கச் சித்திரக்காரரையும் ஒரே கூரையின் கீழே வேலைக்கு வைத்துச் சுவரெல்லாம் பொன் பதித்த கோயிலொன்றைத் தங்கள் அரண்மனைக்குள்ளேயே கட்டினார்கள், பிறகு ஸ்பானியர் வந்தார்கள், கடைசியாக எங்கட சனம் போனது, சிலர் பெட்டியோடு, சிலர் பெட்டியும் இல்லாமல். ராசாவாக வந்தவரும் அகதியாக வந்தவரும் அந்தப் பட்டினத்தில் முதலில் கண்டது கோட்டையையோ கோபுரத்தையோ அல்ல; துறைமுகத்துக்கு வடக்கே, கடலுக்குள் ஒரு காலை நீட்டிக்கொண்டு குந்தியிருந்த சாம்பல் நிற மலையைத்தான்.

அந்த மலையில் ஒரு குகை. குகைக்குள் றொசாலியா அம்மா. பிரபு வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, பட்டும் நகையும் வேண்டாமென்று மலையேறிப் போய்த் தனியே செபம் செய்து அங்கேயே கண்ணை மூடினவ. கனகாலத்துக்குப் பிறகு பட்டினத்தைக் கொள்ளைநோய் பிடித்தபோது, அவவின் எலும்புகளைக் கண்டெடுத்துத் தெருத்தெருவாக ஊர்வலம் கொண்டுபோக நோய் நின்றது என்று அந்தச் சனம் நம்புகிறது. அவையள் அவவைச் 'சாந்துச்சா' என்பார்கள், சின்னப் புனிதை என்று அர்த்தம். எங்கட ஆக்கள் 'மலையம்மா' என்பார்கள். மலை, மலைக்குள் குகை, குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அதை ஏந்திக்கொண்டு போகிற தகரப் பீலிகள், போகிற வழியெல்லாம் கல்லும் வெயிலும். இதைக் கண்டபிறகு எங்கட சனம் செருப்பைக் கழற்றாமல் இருக்குமா? வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக, ஞாயிற்றுக்கிழமை விடியவே வெறுங்காலோடு ஏறுவார்கள்.

சிவயோகத்தின் சிநேகிதி தவமலரும் அப்படி ஏறினவதான். புருசன் போய்ச் சேர்ந்து, மூன்று பிள்ளைகளும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று ஆளுக்கொரு திக்கில் குடியேறின பிறகும் அவ பலேர்மோவை விட்டுப் போகவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டால், "மலையம்மாவை ஆர் பாக்கிறது?" என்பா. மூத்தவனுக்கு விசா கிடைக்க ஏறினா, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக ஏறினா, கடைக்குட்டி கார் ஓட்டப் பழகின காலம் முழுவதும் ஏறினா. அப்படியே ஏறி ஏறி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின.

அந்த நேரத்தில்தான் சிஞ்ஞோர் கஸ்பாரே விழுந்தார். சிஞ்ஞோர் என்றால் ஐயா; கஸ்பாரே, தவமலர் வேலை பார்த்த வீட்டுக்காரர். துறைமுகத்தில் இழுவைப் படகின் கப்டனாக இருந்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து கரையில் சேர்க்கிறதுதான் அவர் செய்த தொழில். மனைவி இல்லை. ஒரே மகள் அந்தொனெல்லா தூரத்து மிலானோவில். இடுப்பு முறிந்தபிறகு கல்சா என்கிற பழைய மீன்பிடிகாரர் பகுதியில், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியில், முன்னறை யன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டார். அந்த யன்னலுக்கு நேரே புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் கடல். தவமலர் இரவும் பகலும் அங்கேயே தங்கிப் பார்த்தா. அவரை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போக முடியாது. போக முடிந்தாலும் கால் ஏறாது. குசினி யன்னலிலிருந்து பார்த்தால் வடக்கே தூரத்தில் மலை தெரியும், உள்ளங்கை அளவுக்கு. பாத்திரம் கழுவுகிறபோது அதைப் பார்த்துக் கதைப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றவ, மனதில் பாரமும் கோபமும் ஒன்றாக வந்து, சொந்தக்காரியோடு கதைக்கிறதுபோலக் கேட்டுவிட்டா: "எத்தினை வரியமா நான் வந்து உன்னைப் பாத்தனான். ஒருக்கா நீ வந்து என்னைப் பாத்தா என்ன குறைஞ்சா போவாய்?"

கேட்டுவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தா. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடிய குசினி யன்னலைத் திறந்தால், வடக்கே மலை இருந்த இடம் பல் விழுந்த வாய்போல வெறுமையாக இருந்தது. முன்னறையிலிருந்து கஸ்பாரேயின் குரல் வந்தது. தவமலர் என்ற பெயரை அவர் தாவா என்று சுருக்கித்தான் கூப்பிடுவார்.

"தாவா! ஆரோ என்ர யன்னலுக்கு முன்னால மலையைக் கொண்டுவந்து வைச்சிட்டினம்."

ஓடிப்போய்ப் பார்த்தா. மலைதான். அந்தப் புல்வெளிக்குள் அவ்வளவு பெரிய மலை எப்படிக் கொண்டது என்று கேட்கக்கூடாது. நிறைந்த பஸ்ஸில் ஒரு பொம்பிளை சீலையை ஒதுக்கிக்கொண்டு இடம் பிடித்து உட்காருகிறதில்லையா, அப்படிக் கொண்டது. ஒரு மரம் முறியவில்லை, ஒரு வாங்கு உடையவில்லை. யானை குந்துவதுபோலத் தாழக் குந்தியிருந்ததால், குகை வாசல் தெருமட்டத்துக்கு வந்து, வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குகைக் கோயிலின் சுவாமியார் தொன் சால்வோ வாசலில் நின்று, கையில் கோப்பிக் கோப்பையோடு, கடலின் நாற்றம் இவ்வளவு கிட்ட வருகிறதே என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

தவமலர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினா.

பட்டினம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நல்லாகத்தான் எடுத்துக்கொண்டது. முதல் நாள் மணி அடித்தார்கள், அழுதார்கள், வெடி கொளுத்தினார்கள். இரண்டாம் நாள் கடலைமாவைச் சதுரமாகப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்கிறவர்கள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து மலையடியில் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் நகரசபையார் கூட்டம் கூடிக் கதைத்துக் கதைத்துக் களைத்து, 'தற்காலிகம்' என்று ஒரு பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போனார்கள். மலைக்குப் போகிற பஸ்ஸின் சாரதிக்கு ஒருவரும் புது வழி சொல்லாததால், அந்த மனிசன் பழைய இடத்துக்கே பஸ்ஸை விட்டு, ஏற்றமில்லாத நிலத்தில் ஏற்றத்துக்குரிய கியரைப் போட்டு, வளைவில்லாத இடத்தில் வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். மலைக்குப் பின்பக்கம் இருந்த மொண்டெல்லோக் கடற்கரைக்காரருக்கு வெயில் வழக்கத்துக்கு முந்தி வந்துவிட, அவர்கள் முந்தியே எழும்பி, முந்தியே கடை திறந்து, மத்தியானத்துக்குள் களைத்துப்போனார்கள். கல்சாக்காரருக்கோ காலை வெயிலே இல்லை. உடுப்புக் காயவில்லை. அதனாலென்ன, பின்னேர வெயிலில் காய்ந்துகொள்ளட்டும், சாந்துச்சா வந்து நிற்கிறபோது கமிசு காயவில்லையென்று கவலைப்படலாமோ என்று பெண்டுகள் பல்கனிக்குப் பல்கனி சொல்லிக்கொண்டார்கள்.

எங்கட சனத்துக்குச் சந்தோசம் கரைகாணவில்லை. பல்லறோச் சந்தையில் வாங்கின தேங்காயை வைத்து, மாவிலைக்குப் பதிலாக எலுமிச்சை இலை சொருகி, புல்வெளி ஓரம் முழுக்க நிறைகுடம் வைத்தார்கள். சுவாமி தெருவுக்கு வந்தால் வாசலில் நிறைகுடம் வைக்கிறதுதானே முறை. சிவயோகம் ஊரிலிருந்து கொண்டுபோன குத்துவிளக்கையே தூக்கிக்கொண்டு வந்தா. பிலோமினா என்று ஒரு சிநேகிதி, பாசையூர்க்காரி, வேதக்காரி. அவ செபமாலையோடு வந்து பக்கத்தில் நின்று, "திரி நூந்துபோச்சு, கொளுத்துங்கோ அக்கா" என்று விளக்கையும் பார்த்துக்கொண்டா.

தவமலர் அடுப்பில் கோப்பியை வைத்துவிட்டு, முழங்கால் நோவையும் மறந்து படியிறங்கி ஒரு ஓட்டம் ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு, கோப்பி பொங்க முன்னம் திரும்பி வருவா. இவ்வளவு காலமும் வெறுங்காலோடு மணிக்கணக்காக ஏறிப் போய்ப் பார்த்த முகத்தை இப்போது செருப்பைக் கழற்றி ஒரு மூச்சு விடுவதற்குள் பார்த்தா. தன் வாயால் கூப்பிட்டு வந்தவ என்ற நினைப்பு அவவுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பெருமை ஆகிவிடும் என்று பயந்தா.

ஆனால் கஸ்பாரே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"சிஞ்ஞோர், பாஸ்தா ஆறுது."

"பசிக்கேல்லை."

"நேற்றும் பசிக்கேல்லை எண்டியள்."

"தாவா, என்ர வயித்துக்கு மணி அடிக்கிறது கப்பல். நாப்போலிக் கப்பல் வந்தாக் காலமைக் கோப்பி. துனிசுக் கப்பல் வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாடு. இப்ப எனக்கு எப்ப மத்தியானம் எண்டு ஆர் சொல்லுறது?"

"சுவரில மணிக்கூடு கிடக்குதே."

"மணிக்கூட்டைப் பாத்துச் சாப்பிடுறது வங்கிக்காரர்."

அவர் கோயில் குளம் என்று போகிற ஆளில்லை. "நான் கோயிலுக்குள்ள போனது ரெண்டே தரம், ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும், ரெண்டுக்கும் என்னைக் கேக்காமத்தான் கொண்டுபோனவை" என்று சிரிப்பார். முன்பெல்லாம் புகைக்கூண்டைப் பார்த்தே எந்தக் கப்பல், எங்கேயிருந்து வருகிறது, எந்தக் கப்டன் எந்தப் பக்கம் சரிப்பான் என்று சொல்லுவார். இப்போது யன்னலைப் பார்த்தபடி இருப்பார், யன்னல் நிறையக் கல்லுத்தான். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, ஆனால் சாப்பிடாவிட்டால் இந்த வயதில் கனநாள் தாங்காது என்றார். மிலானோவிலிருந்து மகள் தொலைபேசியில் அழுதாள்.

"தாவா, என்னால இனிப் பொறுக்கேலாது. நான் வாற கிழமை வந்து அப்பாவை இங்க கூட்டிக்கொண்டு போறன். வயது போனாக்களுக்கு நல்ல இடமொண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

மிலானோவில் கடலே இல்லை. தவமலர் ரிசீவரை வைத்துவிட்டு மலையைப் பார்த்தா, கஸ்பாரேயைப் பார்த்தா. இரண்டும் ஒரே அறைக்குள் கொள்ளவில்லை.

அன்று அவவால் பொறுக்க முடியவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு இருந்து சொன்னா: "சிஞ்ஞோர், இவவைக் கூப்பிட்டது நான்தான்."

கஸ்பாரே கோபிக்கவில்லை. கனநாளைக்குப் பிறகு சிரித்தார். "இந்தப் பட்டினத்தில எத்தினை பிஷப்மார் எத்தினை வரியமாக் கூப்பிட்டிருப்பினம். ஒருத்தருக்கும் வராதவ, நீ சட்டி கழுவிக்கொண்டு கூப்பிட வந்திட்டா. அப்ப நீயே போகச் சொல்லன்."

"வீட்டுக்கு வந்தவவைப் போங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"உங்கட நாட்டில சொல்லமாட்டினமோ?"

"சொல்லமாட்டம். அவையா எழும்பினாலும், இன்னுமொரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டுதான் சொல்லுவம்."

"அப்ப எனக்கு விளங்குது, ஏன் உன்ர சிநேகிதப் பொம்பிளையள் வந்தா இருட்டும் வரைக்கும் போகாயினம் எண்டு" என்றார் கஸ்பாரே.

அவ குகைக்குப் போய் நின்றா. கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை. உன்னை நானே கூப்பிட்டுவிட்டு நானே போகச் சொல்லுவதா, இது என்ன மரியாதை என்று கண்ணால் தண்ணீர் ஓடியது. விழுந்துவிடாமல் இருக்கச் சுவரில் கையை ஊன்றினா. ஊன்றின கையை எடுத்துவிட்டா. திரும்பவும், இந்த முறை புறங்கையை, பிள்ளையின் நெற்றியில் வைக்கிறதுபோல மெதுவாக வைத்தா.

கல் சுட்டது.

வெயில் சூடு இல்லை, குகைக்குள் வெயில் ஏது? உள்ளேயிருந்து வருகிற சூடு. மூன்று பிள்ளைகளை வளர்த்த கைக்கு அந்தச் சூடு தெரியாதா? நிமிர்ந்து பார்த்தா. கூரையிலிருந்து எப்போதும் சொட்டுகிற தண்ணீர் சொட்டவில்லை. தகரப் பீலிகள் காய்ந்து கிடந்தன.

"சுவாமி, எப்ப இருந்து தண்ணி இல்லை?"

தொன் சால்வோ தலையைச் சொறிந்தார். "வந்த கிழமையிலயிருந்து குறைஞ்சுகொண்டு வருது. உப்புக் காத்துப் படுகிறதாலயாக்கும் எண்டு நினைச்சன்."

கல்சாவுக்குக் கிட்ட ஒரு பூங்காவில் பெரிய மரமொன்று உண்டு. கொப்புக்குக் கொப்பு விழுது விட்டு, விழுதெல்லாம் தூணாகி, ஒரு வீடளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஊர்ச் சனம் அதற்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறது. எங்கட சனத்துக்கு அது ஆலமரம். ஓய்வு கிடைத்தால் எங்கட பெண்டுகள் கூடுகிற இடம் அதுதான். தவமலர் அங்கே போய் விசயத்தைச் சொன்னா.

சிவயோகத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. "தவம், உனக்கென்ன விசரே? வலிய வந்து நிக்கிற தெய்வத்தைத் திருப்பி அனுப்புறதோ? என்ர முழங்கால் நடக்கேக்க தேங்காய் திருவுற சத்தம் கேக்குது. இப்பத்தான் நான் நிம்மதியா அம்மாவின்ர முகத்தைப் பாக்கிறன்."

"உங்கட முழங்காலுக்குச் சாந்துச்சா வேண்டாம் அக்கா, அரைவயித்துச் சாப்பாடு போதும்" என்றா பிலோமினா.

"நீ வாயை மூடு. நீ மட்டும் என்ன கொடியிடையோ?"

"நான் என்னைச் சொல்லேல்லையே, உங்கட முழங்கால் சுமக்கிற மலையைச் சொன்னன். எவ்வளவு பாரம் எண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். தவமலர் சிரிக்கவில்லை. "கல்லுச் சுடுது அக்கா" என்றா. "அம்மாவுக்குக் காய்ச்சல் காயுது. தண்ணி வத்திப்போச்சு. அவ எனக்காண்டி வந்து நிக்கிறா, போகத் தெரியாம நிக்கிறா."

சிரிப்பு நின்றது. அப்போது தவமலரே மெதுவாகக் கேட்டா: "சிவயோகமக்கா, ஊரில தேர் ஓடி இருப்புக்கு வந்தாப் பிறகு சாமிக்கு என்ன செய்யிறவை?"

"என்ன செய்யிறது? வெயிலுக்க சுத்தி வந்த சூடு தணிய அபிசேகம் செய்து, பச்சைப் பட்டு உடுத்தி, பச்சை மாலை போட்டு, பச்சை சாத்தித்தானே உள்ளுக்குக் கொண்டுபோ..."

சிவயோகம் பாதியில் நிறுத்தி, தலையில் கையை வைத்துக்கொண்டா. "ஐயோ தாயே. நிறைகுடம் வைச்சம். விளக்கு வைச்சம். வந்தவவை உள்ளுக்கு அனுப்பவேணும் எண்டு ஒரு மூதேவிக்கும் நினைவு வரேல்லையே! இவ்வளவு நாளும் தெருவில நிக்க விட்டிட்டமே!"

பிலோமினாதான் முதலில் எழும்பினா. "என்னட்டப் பச்சைச் சீலை நாலு கிடக்குது" என்றா.

பலேர்மோச் சனத்துக்கு இதை விளக்குவது பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்தார்கள். இருக்கவில்லை. தொன் சால்வோ வந்தவர்களை வரிசையில் விட்டு, ஒவ்வொருவராகக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மீன்காரன் தொட்டான், தொப்பியைக் கழற்றினான். மத்தியானத்துக்குள் பட்டினம் முழுக்க ஒரே கதை: சாந்துச்சாவுக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், தெருவிலேயே நிற்கட்டும் என்று சொல்ல அந்தச் சனத்தில் ஒருவருக்கும் மனம் வருமா? அதோடு அவர்களும் வருசத்துக்கு ஒருக்கா யூலை மாதத்தில் கப்பல் மாதிரித் தேர் கட்டி அவவை ஏற்றிப் பட்டினத்து நடுத் தெருவால் கடல் வரைக்கும் இழுக்கிற ஆக்கள். தேர் இருப்புக்கு வரவேணும் என்று அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பச்சை ஏன் என்று மட்டும் ஒருவர் கேட்டார். தொன் சால்வோ தன் பூசை உடுப்பைக் காட்டி, "இப்ப திருச்சபைக்கும் பச்சைக் காலந்தானே" என்றார். அதோடு சரி.

பெட்டிகள் திறந்தன. பாச்சா உருண்டை மணக்கிற பச்சைச் சீலைகள், கூறைக்கு மாற்றுச் சீலையாக எடுத்து ஒரே நாள் உடுத்தவை, மகளுக்கென்று வைத்து மகள் வேண்டாமென்றவை, எல்லாம் வந்தன. போதவில்லை. சந்தைக்காரர் பச்சை மேசைவிரிப்புக் கொண்டுவந்தார்கள், மீன்பிடிகாரர் பச்சை வலையைத் தோள் தோளாகச் சுமந்து வந்தார்கள், கன்னியாஸ்திரிகள் பீடத்துப் பச்சை வெல்வெட்டைக் கொடுத்தார்கள், கல்சாக்காரர் தங்கள் யன்னல்களின் பச்சைப் பலகைக் கதவுகளையே பிணைச்சலோடு கழற்றினார்கள், ஒன்றும் இல்லாத ஒரு கிழவர் தன் துளசிச் சட்டியைக் கொண்டுவந்து ஒரு கல்லின்மேல் வைத்தார். இளந்தாரிகள் உச்சிக்கு ஏறி வலையை விரித்து விட, அது மலையின் தோளால் வழிந்து, சீலைகளைத் தொட்டு, சீலைகள் விரிப்பைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சாம்பல் மலை பச்சை உடுத்தியது. உடுத்தி முடிகிறபோது தவமலர் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தா. சூடு இருந்தது, ஆனால் வேர்த்திருந்தது. வேர்த்தால் காய்ச்சல் இறங்கப்போகிறது என்று தாய்மாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு ஓடிவந்து கஸ்பாரேயிடம் சொன்னா.

"எதால இழுக்கப் போறியள்?" என்று கேட்டார் அவர்.

"இழுக்கிறேல்லை. கூட்டிக்கொண்டு போறது."

கஸ்பாரே கதிரையில் நிமிர்ந்தார். "அது என்ர தொழிலெல்லோ" என்றார். "பெரிய கப்பலை ஆராவது இழுக்கிறதோ? அது போக நினைக்கிற பக்கம் கயிறு தளராமப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போறதுதான். என்னைக் கீழ இறக்கு தாவா. அவ தெருவால போகேலாது, வீடுகள் நெருக்கம். கடலாலதான் போகோணும்."

இழுவைப் படகில் இப்போது வேலை செய்கிற ஆட்கள் வந்து, கதிரையோடு அவரைத் தூக்கினார்கள். நாலு மாடியும் அவர் அவர்களை ஏசிக்கொண்டே இறங்கினார்: "இடது பக்கம் சரியுது! மெல்ல! நான் என்ன சீமெந்து மூட்டையோ? தாவா, உவங்களுக்குப் படி இறங்கத் தெரியாது, கடலில என்ன செய்யப் போறாங்கள்?" தெருவுக்கு வந்ததும் முகத்தை நிமிர்த்தி மூச்சை உள்ளே இழுத்தார். இடுப்பு முறிந்த பிறகு அவர் வெளிக்காற்றைக் கண்டது அன்றைக்குத்தான்.

மிச்சமிருந்த சீலைகளை முறுக்கி முடிச்சுப் போட்டு, பெண்டுகள் ஒரு கயிறு திரித்தார்கள். ஒரு நுனியை மலையடியில் ஒரு கல்லில் சுற்றினார்கள், மறு நுனியைப் படகில் கட்டினார்கள். படகில் கஸ்பாரேயும் அவர் கதிரைக்குப் பக்கத்தில் தவமலரும். கரை முழுக்கச் சனம். படகின் இயந்திரம் உறுமியது, கயிறு நிமிர்ந்தது, மலை அசையவில்லை.

"அவ காத்துக்கொண்டு நிக்கிறா" என்றார் கஸ்பாரே. "நீ ஒண்டும் சொல்லேல்லை."

இனி அந்த முகத்தைக் கோப்பி பொங்க முன்னம் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. இனி முழங்காலும் ஏறாது. சொல்லாமல் விட்டால் மலை இங்கேயே நிற்கும், காய்ந்தபடி, தனக்காக. அவ படகின் பின்பக்கம் போய், விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரியை பஸ் ஏற்றிவிடுகிறவள்போலச் சத்தமாகச் சொன்னா:

"வந்து பாத்தது பெரிய புண்ணியம் அம்மா. நான் சுகமாத்தான் இருக்கிறன். போட்டு வாங்கோ."

மலை எழும்பியது. சத்தமே இல்லை, குந்தியிருந்த பொம்பிளை கையை ஊன்றி எழும்புகிறபோது சீலை சரசரக்கிறதே, அந்தச் சத்தம் மட்டுந்தான். கடலுக்குள் இறங்கி, கயிறு தளராமல், படகுக்குப் பின்னால் வந்தது. பழைய துறைமுகத்தைத் தாண்டி, புதுத் துறைமுகத்துக் கப்பல்களைத் தாண்டி, நாப்போலிக் கப்பலும் துனிசுக் கப்பலும் ஊதி ஊதி வழிவிட, மணிகளெல்லாம் அடிக்க, பச்சை உடுத்தின மலை அலையில் விளிம்பு நனைய நனையப் போனது. கரையால் சனம் கூடவே நடந்தது. சிவயோகம் தேய்ந்த முழங்காலோடு முன்னுக்கு நடந்தா. பிலோமினா குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு அவவுக்குப் பின்னால், "மெல்லப் போங்கோ அக்கா, மலையே உங்களைவிட ஆறுதலாத்தான் வருது" என்று கத்திக்கொண்டு போனா.

கஸ்பாரே மலையைப் பார்க்கவில்லை. முன்னுக்குக் கடலைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "தாவா, துனிசுக் கப்பல் வெளிக்கிட்டிட்டுதெல்லோ?"

"ஓம் சிஞ்ஞோர்."

"அப்ப சாப்பாடு எங்க?"

கரையில் வாங்கித் துணிக்குள் சுற்றி வைத்திருந்த கடலைமாப் பொரியல் பாணை எடுத்துக் கொடுத்தா. அவர் சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். சொன்னபடியே அன்று பின்னேரம் மிலானோவிலிருந்து பெட்டியோடு வந்த அந்தொனெல்லா, துறைமுகத்தில் நின்று, படகில் திரும்பி வருகிற தகப்பனின் நாடியில் எண்ணெய் வழிவதைக் கண்டாள். கொண்டுவந்த பெட்டியில் தகப்பனுக்கென்று விட்டிருந்த இடம் அப்படியே வெறுமையாக மிலானோவுக்குத் திரும்பிப் போனது.

மலை தன் இடத்தில் போய் இருந்துகொண்டது. குகையில் தண்ணீர் திரும்பச் சொட்டத் தொடங்கியது. சீலைகளைக் கழற்றி, தோய்த்து, காலை வெயிலில் கல்சா முழுக்கக் காயப்போட்டார்கள். கமிசுகளும் காய்ந்தன. பஸ் சாரதி வளைக்கிற இடத்திலெல்லாம் திரும்பவும் வளைவு இருந்தது. அவர் ஒன்றும் கவனிக்கவில்லை. 'தற்காலிகம்' என்ற பலகை மட்டும் வெறும் புல்வெளியில் இன்னும் நிற்கிறதாம்.

ஆனால் மலை போய் இருந்தபோது கொஞ்சம் திரும்பி இருந்துவிட்டது. வீட்டில் கதிரையைத் தூக்கித் திரும்ப வைத்தால் அச்சொட்டாக அதே இடத்தில் வைக்க முடிகிறதா? அதுபோல. முன்னால் மறைவில் இருந்த குகை வாசல் இப்போது கல்சாப் பக்கம் பார்க்கிறது. தவமலரின் குசினி யன்னலிலிருந்து பார்த்தால், உள்ளங்கை அளவு மலையில், கடுகளவு விளக்கு தெரியும். அவ பாத்திரம் கழுவிக்கொண்டே அதோடு கதைக்கிறா. முன்னறையில் கஸ்பாரே, "ஜெனோவாக் கப்பல் பிந்திப்போச்சு" என்று சத்தம் வைப்பார். "ஓம், கோப்பி வைக்கிறன்" என்று இங்கேயிருந்து பதில் போகும். இதற்குமேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவ சிவயோகத்திடம் சொன்னாவாம். இப்போதெல்லாம் அவ மலையிடம் எதையும் கேட்கிறதில்லை. கேட்டால் வந்துவிடுவா என்று பயம்.

நீங்கள் எப்பவாவது பலேர்மோவுக்குப் போனால், பொன் பதித்த கோயிலைப் பாருங்கோ, அந்த ஆலமரத்தைப் பாருங்கோ, சந்தையில் கடலைமாப் பொரியல் வாங்கித் தின்னுங்கோ. மலைக்கும் ஏறினால், இறங்குகிறதுக்கு முன்னம் குகை வாசலில் நின்று, கல்சாப் பக்கம் திரும்பி ஒருக்காக் கையைக் காட்டிவிடுங்கோ. குசினி யன்னலில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பா.